ஒரு டாஸ்க் பிழையில் நின்றபின் மற்றவற்றை ஒழுங்காக மூடுவது எப்படி? – பிகோ டபிள்யூ, மைக்ரோபைத்தான்

மொட்டைமாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 எச்பி மோட்டாரைத் தானாக இயக்கி நிறுத்துவதற்காக, ராஸ்பெர்ரி பை பிகோ டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகையில் மைக்ரோபைத்தான் (சிறு சில்லுகளுக்கான பைத்தான் மொழி) கொண்டு ஒரு கட்டுப்படுத்தி செய்திருக்கிறேன். நிரலில் நான்கு டாஸ்க்குகள் (தனித்தனி வேலைகள்) அசின்க்ஐஓ என்ற நூலகத்தின் முறையில் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஓடுகின்றன. முதல் டாஸ்க், ஐ2சி கம்பியில் இணைந்த ஏடிஎஸ்1115 என்ற அளவீட்டுச் சில்லு வழியாக அழுத்த உணரியைப் படித்து நீர்மட்டத்தை ஒரு பொது மாறியில் எழுதுகிறது. இரண்டாவது, அந்த மாறியைப் பார்த்து மட்டம் 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ரிலேவைப் போட்டு, 95-ஐத் தொட்டதும் அணைக்கிறது. மூன்றாவது, கைப்பேசியில் பார்க்க ஒரு சிறு வலைப்பக்கத்தை வழங்குகிறது. நான்காவது, பலகையின் விளக்கை மினுக்கி, அப்படியே வாட்ச்டாகுக்கும் (குறித்த கெடுவுக்குள் 'ஃபீட்' என்ற செய்தி வராவிட்டால் பலகையை ரீசெட் செய்யும் காவல் கடிகாரம்) ஃபீட் கொடுத்துவிடுகிறது.

ஐந்து மாதங்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எங்கள் தொட்டி நிரம்பி வழிந்து அவர்கள் சுவரில் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பலகையின் விளக்கும் வழக்கம்போல மினுக்கிக்கொண்டிருந்தது, வலைப்பக்கமோ நீர்மட்டம் 62 விழுக்காடு என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு பலகையை மேசைக்குக் கொண்டுவந்து ஐ2சி கம்பியை வேண்டுமென்றே அசைத்துப் பார்த்ததில், உணரி டாஸ்க் 'ஓஎஸ்எரர் 5' என்ற பிழையோடு நின்றுவிடுவதும், 'டாஸ்க் எக்ஸெப்ஷன் வாஸ்ன்ட் ரிட்ரீவ்டு' என்று திரையில் ஒரு வரி வருவதும், மற்ற மூன்று டாஸ்க்குகளும் எதுவும் நடக்காததுபோல ஓடுவதும் தெரிந்தது. மொட்டைமாடியில் அந்த வரியைப் பார்க்க யாரும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே நிரலை மாற்றினேன். நான்கு டாஸ்க்குகளையும் 'கேதர்' என்ற கட்டளை மூலம் முதன்மை டாஸ்க்கான மெயினிலேயே காத்திருக்க வைத்து, எதில் பிழை வந்தாலும் அது மெயின் வழியாக, எல்லாவற்றையும் ஓட்டும் 'அசின்க்ஐஓ.ரன்' வரை வெளியே வரும்படியும், வெளியே உள்ள சுழற்சி அதைப் பிடித்து 5 வினாடி கழித்து 'ரன்'னை மறுபடி அழைக்கும்படியும் செய்தேன். இப்போது கம்பியை அசைத்தால் நிரல் மறுபடி தொடங்குகிறது. ஆனால் ரிலே ஒவ்வொரு வினாடியும் 'டக் டக்' என்று போட்டு அணைத்துக்கொண்டே இருக்கிறது. நல்லவேளையாகச் சோதனைக்கு மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பைத்தான் இணைத்திருந்தேன். கூடவே, வலைப்பக்க டாஸ்க் 5 வினாடிக்கு ஒருமுறை 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழையை அச்சிடுகிறது. ஆனாலும் கைப்பேசியில் பக்கம் திறக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரு டாஸ்க் பிழையில் நின்றால் மற்றவற்றையும் ஒழுங்காக மூடி, ரிலேவை அணைத்து, சுத்தமான நிலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இதற்கான சரியான முறை எது?

ரீசெட்பொத்தான் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வெளியே பிழையைப் பிடிக்கும் இடத்தில் ரிலே பின்னை அணைத்துவிட்டு, 'மெஷின்.ரீசெட்' என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பலகையில் உள்ள ஆர்பி2040 சில்லு ரீசெட் ஆனால் அதன் பின்கள் எல்லாம் உள்ளீடாக மாறி, உள்ளேயே இருக்கும் புல்-டவுன் மின்தடையோடு நிற்கும். எந்த டாஸ்க் எந்த நிலையில் தொங்கியது, எந்த சாக்கெட் திறந்திருந்தது, எந்த லாக் யார் கையில் இருந்தது என்ற கணக்கெல்லாம் ஒரே அடியில் தீர்ந்துபோகும். சர்வரில் ஓடும் நிரலுக்குத்தான் ஒவ்வொன்றாக மூடும் மரியாதை தேவை. இரண்டு மூன்று வினாடியில் எழுந்துவிடும் ஒரு சில்லுக்கு மறுபிறவியே நல்ல வைத்தியம். நான் செய்த கோழிக்குஞ்சுப் பெட்டி இப்படித்தான் இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது.

பழையசாலிடர் எழுதியது:

ரீசெட் செய்யலாம் என்பதை நான் மறுக்கவில்லை. கடைசியில் அதற்கே வருவோம். ஆனால் 'டக் டக்' ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் ரீசெட் போட்டால், அதே கோளாறு வேறு உருவத்தில் திரும்பி வரும்.

டாஸ்க்குகளை முறைப்படி ஓட்டும் ஈவென்ட் லூப் மைக்ரோபைத்தானில் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் 'ரன்'னை இரண்டாம் முறை அழைக்கும்போது புதிய லூப் எதுவும் பிறப்பதில்லை. பழைய வரிசையிலேயே உங்கள் புதிய மெயின் போய்ச் சேர்ந்துகொள்கிறது. முதல் சுற்றில் பிழையோடு நின்றது உணரி டாஸ்க் மட்டும்தான். 'கேதர்' அந்தப் பிழையை மெயினுக்குத் தூக்கிக் கொடுத்ததோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். மற்ற டாஸ்க்குகளை அது ரத்து செய்வதில்லை. ஆகவே பழைய மோட்டார் டாஸ்க், பழைய வலைப்பக்க டாஸ்க், பழைய விளக்கு டாஸ்க் மூன்றும் வரிசையில் உறங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் 'ரன்'னை மறுபடி அழைத்ததும் அவையும் எழுந்துகொண்டன. பழைய மோட்டார் டாஸ்க், தான் 30-இல் தொடங்கியதை நினைவில் வைத்துக்கொண்டு 95 வரும்வரை ரிலேவைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. புதிய மோட்டார் டாஸ்க்குக்கு மட்டம் 62, நிலை 'அணைந்தது'. ஆகவே அது அணைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சுவிட்சை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வலைப்பக்கத்தின் கதையும் இதுவே: பக்கத்தை வழங்குவது பழைய டாஸ்க், இடம் கிடைக்காமல் புலம்புவது புதிய டாஸ்க்.

இதற்கு மைக்ரோபைத்தான் கையேடு சொல்லும் வழி, 'ரன்' முடிந்தபின் 'நியூ_ஈவென்ட்_லூப்' என்பதை அழைப்பது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது புதிதாக எதையும் உண்டாக்காமல் பழைய வரிசையைக் காலி செய்கிறது. இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். வரிசையைக் காலி செய்வதென்றால், அதில் இருந்த டாஸ்க்குகளை அப்படியே மறந்துவிடுவது. அவற்றின் 'ஃபைனலி' பகுதிகள், அதாவது டாஸ்க் எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓட வேண்டிய துப்புரவு வரிகள், ஓடாது. மறக்கப்பட்ட டாஸ்க்கைக் குப்பை சேகரிப்பான் பின்னால் வந்து அள்ளும்போதும் மைக்ரோபைத்தான் அந்தப் பகுதிகளை ஓட்டுவதில்லை; மேசைக்கணினிப் பைத்தானில் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை. ஆக, மோட்டார் டாஸ்க்கின் 'ஃபைனலி'யில் ரிலேவை அணைக்கும் வரியை நீங்கள் எழுதியிருந்தாலும், நேரே 'நியூ_ஈவென்ட்_லூப்' அழைத்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனவே ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். முதலில், ஒவ்வொரு வன்பொருளுக்கும் ஒரே ஓர் உரிமையாளர். ரிலே பின்னை மோட்டார் டாஸ்க்கைத் தவிர வேறு எதுவும் தொடக்கூடாது. அந்த டாஸ்க்கின் சுழற்சி முழுவதும் ஒரு 'டிரை'க்குள் இருக்க, அதன் 'ஃபைனலி'யின் முதல் வரியே பின்னை அணைப்பதாக இருக்க வேண்டும். முதல் வரி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 'ஃபைனலி'க்குள் 'அவெய்ட்' போட்டு வேறு எதற்காவது காத்திருந்துவிட்டுப் பின்னை அணைக்கலாம் என்று வைத்தால், அந்தக் காத்திருப்பு முடியாமலே போகும் ஒரு நாள் வரும்.

அடுத்து, மெயின் தான் பெற்ற டாஸ்க்குகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் வைத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்குகள் எவை என்று கேட்டறிய மேசைக்கணினிப் பைத்தானில் வழி உண்டு, மைக்ரோபைத்தானில் இல்லை. 3.11 பதிப்பில் வந்த 'டாஸ்க்குரூப்' வசதியும் இங்கே கிடையாது. ஆகவே கணக்கை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 'கேதர்' பிழையைக் கொண்டுவந்ததும், மெயினின் 'ஃபைனலி'யில் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் 'கேன்சல்' கொடுங்கள். ஏற்கெனவே முடிந்துபோன டாஸ்க்குக்குக் கொடுத்தாலும் தவறில்லை. கொடுத்ததோடு நின்றுவிடாமல் ஒவ்வொன்றாக 'அவெய்ட்' செய்யுங்கள். 'கேன்சல்' என்பது கொலை அன்று, தகவல்தான்: அந்த டாஸ்க்கின் முறை அடுத்து வரும்போது, அது எங்கே காத்திருந்ததோ அங்கே 'கேன்சல்டுஎரர்' எழும், அதன் பிறகுதான் அதன் 'ஃபைனலி' ஓடும். நீங்கள் காத்திருக்காமல் வெளியேறினால் அந்த முறை வரவே வராது. காத்திருக்கும்போது அந்தந்த டாஸ்க்கின் பிழை உங்கள் மீது எழும் என்பதால், ஒவ்வோர் 'அவெய்ட்'டையும் தனித்தனி 'டிரை'யில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் டாஸ்க்கோடு துப்புரவு நின்றுவிடும்.

இவ்வளவும் செய்தாலும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தினால், 'கீபோர்டுஇன்டரப்ட்' அந்த நேரத்தில் எந்த டாஸ்க் ஓடுகிறதோ அதன் நடுவில் எழுந்து, லூப்பைத் தாண்டி நேராக 'ரன்'னுக்கு வெளியே வந்துவிடும். அப்போது ஓடிக்கொண்டிருந்தது விளக்கு டாஸ்க் என்றால், அதன் 'ஃபைனலி' மட்டும்தான் ஓடியிருக்கும். மெயினின் 'ஃபைனலி' உட்பட வேறு எதுவும் ஓடியிருக்காது. அதனால் 'ரன்'னைச் சுற்றியும் ஒரு சாதாரண 'டிரை–ஃபைனலி' போட்டு, அதில் ரிலே பின்னை நேரடியாக அணைத்துவிட்டு, அதன் பிறகே 'நியூ_ஈவென்ட்_லூப்' அழைக்க வேண்டும். உரிமையாளர் ஒருவரே என்று மேலே சொன்ன விதிக்கு நான் அனுமதிக்கும் ஒரே விலக்கு இது.

இன்னும் இரண்டு குறைகள். அந்த விடியற்காலையில் உங்களைக் காட்டிக்கொடுத்தது உணரி டாஸ்க்கைவிட, 62 என்ற பழைய எண்ணை நம்பிய மோட்டார் டாஸ்க்தான். நீர்மட்டத்தை எழுதும்போது எழுதிய நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். எண் 5 வினாடிக்கு மேல் பழையதாக இருந்தால் மோட்டார் டாஸ்க் அதை எண்ணாகவே மதிக்கக் கூடாது. வயதைக் கணக்கிட 'டிக்ஸ்_டிஃப்' பயன்படுத்துங்கள், வெறுமனே கழித்துவிடாதீர்கள். மில்லிவினாடி எண்ணி ஏறத்தாழ 12 நாள் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பிவிடும். மற்றொன்று, விளக்கை மினுக்கும் டாஸ்க் வாட்ச்டாகுக்கு ஃபீட் கொடுப்பது, வீட்டில் யாரும் இல்லாதபோதும் வாசல் விளக்கு எரிவதைப் போன்றது. லூப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மேற்பார்வைக்கென ஒரு டாஸ்க் வைத்து, மற்ற ஒவ்வொரு டாஸ்க்கும் தன் கடைசிச் சுற்றின் நேரத்தைப் பதிவு செய்யட்டும். எல்லாப் பதிவுகளும் புதியவையாக இருந்தால் மட்டும் மேற்பார்வை டாஸ்க் ஃபீட் கொடுக்கட்டும். ஆர்பி2040-இல் வாட்ச்டாகின் உச்சக் கெடு 8388 மில்லிவினாடி. ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவும் முடியாது. துப்புரவு தொடங்கியதும் ஃபீட் நின்றுவிடும் என்பதால் துப்புரவுக்கும் இதே கெடுதான். அதற்குள் எல்லாம் மூடி மறுபடி தொடங்காவிட்டால், ரீசெட்பொத்தான் சொன்ன மறுபிறவி தானாக நடந்துவிடும்.

செமிகோலன் எழுதியது:

சி மொழியில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு சொல். பழையசாலிடர் விவரித்த துன்பத்தைப் படிக்கும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது, ஏனென்றால் உங்களுக்கு 'ஃபைனலி' என்று ஒன்றாவது இருக்கிறது.

ஃப்ரீஆர்டாஸ் என்ற சிறு இயங்குதளத்தில் 'கான்ஃபிக்_யூஸ்_ப்ரீஎம்ப்ஷன்' என்பதைச் சுழியமாக வைத்தால், அங்கேயும் டாஸ்க்குகள் தாமாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது ஓடும். ஒரு டாஸ்க்கில் பிழை என்றால் 'வி-டாஸ்க்-டிலீட்' அழைத்து அதை நீக்கலாம். ஆனால் கெர்னல் தானே ஒதுக்கிய ஸ்டாக்கும் டாஸ்க் குறிப்பேடும் மட்டுமே திரும்பக் கிடைக்கும். அந்த டாஸ்க் கேட்டு வாங்கிய நினைவகம் திரும்பாது. அது பிடித்திருந்த மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டு) யார் கையிலும் இல்லாமல் பூட்டியபடியே கிடக்கும். அதற்காகக் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு டாஸ்க்கை இன்னொரு டாஸ்க் நீக்கினால் நினைவகம் அங்கேயே விடுவிக்கப்படும். டாஸ்க் தன்னைத் தானே நீக்கிக்கொண்டால் அந்த வேலை, வேறு எதற்கும் வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்கின் தலையில் விழும். விட்டுக்கொடுக்கும் முறையில், முன்னுரிமை கூடிய ஏதோ ஒன்று எப்போதும் ஓடத் தயாராகவே இருந்தால் ஐடில் டாஸ்க்குக்கு முறை வராது, நினைவகமும் திரும்பாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு வாரம் ஆனது.

அதைவிடச் சிறிய சில்லுகளில், எடுத்துக்காட்டாக 2 கிலோபைட் ராம் கொண்ட ஏடிமெகா328பி-யில், ஆடம் டங்கல்ஸ் உருவாக்கிய புரோட்டோத்ரெட்கள் என்ற மிகச் சிறிய டாஸ்க் முறையைப் பயன்படுத்துகிறேன். ஒரு த்ரெட்டுக்கு 2 பைட் போதும், தனி ஸ்டாக் கிடையாது. விட்டுக்கொடுத்துத் திரும்பும்போது உள்மாறிகள் எதுவும் மிஞ்சாது. ஆகவே எதைத் திறந்தோம், எதைப் பூட்டினோம் என்பதையெல்லாம் வெளியே ஓர் அமைப்பில் எழுதி வைத்தாக வேண்டியிருக்கிறது. தொல்லையாகத் தோன்றும் இந்தக் கட்டாயமே துப்புரவை எளிதாக்கிவிடுகிறது: பிழை வந்தால் அந்த அமைப்பைப் பார்த்து, திறந்த வரிசைக்கு எதிர்வரிசையில் மூடும் ஒரு செயற்கூற்றை அழைத்துவிட்டு, த்ரெட்டைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிடுவேன். இதைச் செய்து பழகியவர்கள் மைக்ரோபைத்தானுக்குப் போனாலும் 'ஃபைனலி'யை மறக்க மாட்டார்கள்.

மொட்டைமாடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழையசாலிடர் ஐயா சொன்னபடியே மாற்றி எழுதினேன். உணரிக் கம்பியைப் பிடுங்கினால் பல்பு உடனே அணைகிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் அணைகிறது. 'டக் டக்' சத்தம் நின்றுவிட்டது.

ஆனால் புதிய புதிர் ஒன்று முளைத்திருக்கிறது. கம்பியைப் பிடுங்கியதும் பல்பு அணைகிறது, கைப்பேசியில் வலைப்பக்கம் மறைகிறது; அதுவரை சரி. 5 வினாடி கழித்து வலைப்பக்கம் தானாக எழுந்து வருகிறது, 3 வினாடி போல உயிரோடு இருக்கிறது, பிறகு பலகை முழுவதும் ரீசெட் ஆகிறது. ரீசெட்டின் காரணத்தைக் கேட்டால் வாட்ச்டாக் என்று சொல்கிறது. துப்புரவின் ஒவ்வொரு படியிலும் ஒரு வரி அச்சிடும்படி வைத்துப் பார்த்ததில், மோட்டார் டாஸ்க் மூடியது, மேற்பார்வை டாஸ்க் மூடியது, வலைப்பக்க டாஸ்க்குக்காகக் காத்திருக்கும் இடத்திலேயே மெயின் நின்றுவிடுகிறது. அந்த 'அவெய்ட்'டை 'வெயிட்_ஃபார்' கொண்டு 2 வினாடிக் கெடுவோடு சுற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறது. கெடு வைத்தும் கெடு கடக்காமல் நிற்பது எப்படி என்று விளங்கவில்லை.

வலைப்பக்க டாஸ்க்கின் அமைப்பு எளியதுதான்: முடிவில்லாத ஒரு சுழற்சி, அதற்குள் ஒரு 'டிரை', அதில், முந்தைய முயற்சி தோற்றிருந்தால் 5 வினாடி உறங்கிவிட்டு, சர்வரைத் தொடங்கி அது மூடப்படும்வரை காத்திருக்கிறேன், பிழையைப் பிடிக்கும் 'எக்ஸெப்ட்' பகுதியில் பிழையை அச்சிட்டு மீண்டும் முயல்கிறேன். வைஃபை அடிக்கடி அறுந்துபோவதால் அப்படி எழுதினேன்.

பழையசாலிடர் எழுதியது:

அந்த 'எக்ஸெப்ட்'டுக்குப் பக்கத்தில் எந்தப் பிழையின் பெயரும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் காரணம் அதுதான்.

'கேன்சல்டுஎரர்' என்பதை மைக்ரோபைத்தான் 'எக்ஸெப்ஷன்' குடும்பத்துக்கு வெளியே, 'பேஸ்எக்ஸெப்ஷன்' என்ற மூதாதையின் நேரடிப் பிள்ளையாக வைத்திருக்கிறது. மேசைக்கணினிப் பைத்தானும் 3.8 பதிப்பிலிருந்து அப்படியே செய்கிறது. 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்' என்று எழுதியிருந்தால் சாதாரணப் பிழைகள் பிடிபடும், ரத்துச் செய்தி கையில் படாமல் கடந்து போய்விடும். வெறும் 'எக்ஸெப்ட்' எழுதினால் ரத்துச் செய்தியும் விழுங்கப்படும். நீங்கள் 'கேன்சல்' கொடுத்தீர்கள். அந்தச் செய்தி சர்வர் வரை இறங்கி, சர்வர் தன் சாக்கெட்டை மூடிக்கொண்டு செய்தியை மேலே அனுப்பியது. உங்கள் 'எக்ஸெப்ட்' அதை வைஃபை கோளாறு என்று நினைத்து, 5 வினாடி உறங்கி, காலியாகிக் கிடந்த முகவரியில் சர்வரை மறுபடி தொடங்கிவிட்டது. போகச் சொன்ன விருந்தாளி வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த கதை.

'வெயிட்_ஃபார்' ஏன் உதவவில்லை என்பதற்கும் இதுவே பதில். கெடு கடந்ததும் அது செய்வதும் 'கேன்சல்' கொடுப்பதுதான். கொடுத்தபின் அந்த டாஸ்க் உண்மையாகவே முடிந்ததா என்று பார்க்கத் தானும் காத்திருக்கும். விழுங்குபவர் அந்த இரண்டாவது செய்தியையும் விழுங்குவார். விட்டுக்கொடுக்கும் முறையில் ஒரு டாஸ்க்கை அதன் சம்மதமில்லாமல் நிறுத்த வழியே கிடையாது. 'அவெய்ட்' இல்லாத நீண்ட சுழற்சிக்கும், 'டைம்.ஸ்லீப்' போட்டு உறங்கும் டாஸ்க்குக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு வாட்ச்டாக்தான் கதி, அது உங்களிடம் சரியாகவே வேலை செய்திருக்கிறது.

ஆகவே 'எக்ஸெப்ட் ஓஎஸ்எரர்' என்று குறுக்கி எழுதுங்கள். நீங்கள் எதிர்பார்ப்பது அதை மட்டும்தானே. வலைப்பக்கத்தைத் தொட்ட கையோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சர்வர் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி டாஸ்க் ஒன்றை உண்டாக்குகிறது. அவை உங்கள் பட்டியலில் இல்லை, சர்வரை ரத்து செய்தாலும் அவை ரத்தாவதில்லை. கைப்பேசி பாதி கேட்டுவிட்டு வைஃபை எல்லையைத் தாண்டிப் போனால், அந்த டாஸ்க் படிக்கக் காத்திருந்தபடியே கிடக்கும். இணைப்பைக் கவனிக்கும் செயற்கூற்றில் படிப்பதற்கு ஒரு கெடுவும், ரைட்டரை மூடும் ஒரு 'ஃபைனலி'யும் வையுங்கள்.

ரீசெட்பொத்தான் எழுதியது:

ஒரு நாள் முழுவதும் சுற்றிவிட்டுக் கடைசியில் வாட்ச்டாகில் வந்து நின்றதைப் பார்த்து எனக்குச் சிறிய மகிழ்ச்சி என்பதை மறைக்கவில்லை. ஆனால் என் யோசனையிலும் ஒரு குறை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். கோழிக்குஞ்சுப் பெட்டியில் இருப்பது பல்பு. உங்களிடம் இருப்பது மோட்டார். கம்பி தளர்ந்து நிமிடத்துக்கு நாலைந்து முறை ரீசெட் ஆனால், ஒவ்வொரு முறையும் மோட்டார் புதிதாகக் கிளம்பி, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மோட்டாருக்கு மின்சாரம் விடும் கான்டாக்டரின் முனைகள் தாங்காது. எந்த வழியில் மீண்டும் தொடங்கினாலும், தொடங்கியபின் ஒரு நிமிடமாவது மோட்டாரைத் தொடாமல் காத்திருக்கும்படி எழுதுங்கள்.

கூடவே, சில்லு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் தொட்டி வழியாதபடி, மேல்தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சை வைத்து அதைக் கான்டாக்டர் காயிலுக்குத் தொடராக இணைத்துவிடுங்கள். அந்த வேலைக்கு எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிடுவது நல்லது, அது 230 வோல்ட் பக்கம்.

மொட்டைமாடி எழுதியது:

வெறும் 'எக்ஸெப்ட்' தான் எழுதியிருந்தேன். நிரல் முழுவதும் தேடியதில் இன்னும் இரண்டு இடங்களில் இருந்தது, அதில் ஒன்று மோட்டார் டாஸ்க்குக்குள்ளேயே. மூன்றையும் மாற்றினேன்.

இன்று மாலை பல்பை இணைத்தபடியே கம்பியைப் பத்து முறை பிடுங்கிச் செருகினேன். பத்து முறையும் பல்பு அணைந்தது, நான்கு டாஸ்க்குகளும் மேற்பார்வையும் மூடியதாக வரிகள் வந்தன, வாட்ச்டாக் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. பிழையின் விவரத்தை மறுதொடக்கத்துக்கு முன் ஃப்ளாஷ் நினைவகத்தில் ஒரு கோப்பில் எழுதவும் வைத்திருக்கிறேன். திரையைப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அதுதான் சாட்சி. ஒரு நிமிடக் காத்திருப்பையும் சேர்த்தாயிற்று. மிதவை சுவிட்ச் வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மோட்டாரைக் கையால்தான் போட்டு அணைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே விரும்புகிறார்.